டைப் வாத்தியார் பதில்கள்: ஒன்றரை அடி வார்த்தைகள்

மாயவரத்தில் 36 வருஷம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தியவன் நான். ரெமிங்டன், ஹால்டா, கோத்ரெஜ், ஃபேசிட் என்று பதினோரு மெஷின்கள் இருந்தன. இப்போது மிச்சம் ஒன்றுதான். அதுவும் என் மனைவி தைத்த துணி உறையைப் போர்த்திக்கொண்டு கூடத்தில் ஓய்வெடுக்கிறது. இங்கிலீஷை நான் காலேஜில் படித்தவன் இல்லை, விரலால் படித்தவன். போன இதழில் ஏதோ ஒரு வார்த்தைக்கு எத்தனை எழுத்து என்று எண்ணிக் காட்டினேன். அது தப்பாகப் போய்விட்டது. இந்தத் தடவை வந்த கடிதம் அத்தனையும் வார்த்தைக் கேள்விகள்.

முதலிலேயே ஒரு சங்கடத்தைச் சொல்லிவிடுகிறேன். தமிழில் எழுதும்போது பேட்டுக்கும் 'பி', பென்னுக்கும் 'பி'. டாக்குக்கும் 'டி', டேபிளுக்கும் 'டி'. வகுப்பில் பையன்கள் குழம்பாமலிருக்க 'பேட் பி', 'பென் பி', 'டாக் டி', 'டேபிள் டி' என்றுதான் கத்துவேன். இங்கேயும் அப்படியே.

*

கேள்வி: இங்கிலீஷிலேயே நீளமான வார்த்தையை எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று பேரன் அழுகிறான். எது ஐயா அது?
(ஒரு தாத்தா, விழுப்புரம்)

அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். பெரிய அகராதிகளில் இருப்பதில் நீளமானது 45 எழுத்து. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு படிக்காதீர்கள். நான் சொல்கிறபடி உடைத்துப் படியுங்கள்: நியூமோனோ, அல்ட்ரா, மைக்ராஸ்கோபிக், சிலிக்கோ, வால்கனோ, கோனியாசிஸ். நுரையீரல், மிக மிக, கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய, மணல் சத்து, எரிமலை, தூசு நோய். சேர்த்தால், எரிமலையிலிருந்து வரும் மிக நுண்ணிய சிலிக்கா தூசை மூச்சோடு இழுப்பதால் வரும் நுரையீரல் நோய். 8, 5, 11, 6, 7, 8. கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், பையனுக்குக் கணக்கும் ஆயிற்று.

இது எந்த டாக்டரும் எழுதிய வார்த்தை இல்லை. 1935 பிப்ரவரியில் அமெரிக்காவின் தேசியப் புதிர்க்காரர்கள் சங்கம் நியூயார்க்கில் கூடியது. அதன் தலைவர் எவரெட் ஸ்மித், நீளத்துக்காகவே செய்து கொண்டுவந்து வைத்தது இது. நியூயார்க் ஹெரால்ட் ட்ரிபியூன் பத்திரிகை செய்தி போட்டது, அங்கிருந்து அகராதிக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது. நிஜத்தில் அந்த நோய்க்குப் பேர் சிலிக்கோசிஸ். கல் உடைக்கிறவர்களுக்கும் குவாரியில் வேலை செய்கிறவர்களுக்கும் வருவது. 9 எழுத்து. ஒன்பது எழுத்தில் முடிகிற வேலைக்கு 45 எழுத்து! டைப்ரைட்டிங் பரீட்சையில் ஐந்து தட்டு ஒரு வார்த்தை என்று கணக்கு. அந்தக் கணக்கில் ஸ்மித்தின் ஒரே வார்த்தை ஒன்பது வார்த்தை.

*

கேள்வி: சசி தரூர் சொன்ன அந்த வார்த்தைக்கு உண்மையிலேயே அர்த்தம் இருக்கிறதா, அல்லது சும்மா வாய்ஜாலமா?
(வாசகர், காரைக்குடி)

2018-ல் தன் புதுப் புத்தகத்தை ட்விட்டரில் அறிமுகப்படுத்தும்போது அவர் போட்டதைக் கேட்கிறீர்கள். ஃப்ளாக்சி, நாசி, நிஹிலி, பிலி, ஃபிகேஷன். 29 எழுத்து. அர்த்தம் இருக்கிறது, அதுவும் நம் ஊர்த் திட்டு மாதிரியே இருக்கிறது. நாம் ஒருவரை மதிக்காவிட்டால் என்ன சொல்கிறோம்? தூசு, துரும்பு, செல்லாக்காசு, அப்புறம் பத்திரிகையில் போட முடியாத ஒன்று. லத்தீன்காரர்களும் அதையேதான் செய்திருக்கிறார்கள். ஃப்ளாக்கஸ் என்றால் கம்பளியிலிருந்து உதிரும் பிசிறு. நாக்கம் என்றால் ஒன்றுக்கும் உதவாத அற்பம். நிஹில் என்றால் ஒன்றுமில்லை. பிலஸ் என்றால் ஒற்றை முடி. "இவன் எனக்குப் பிசிறு, இவன் எனக்கு முடி" என்று சொல்லும் வழிகளை இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளி லத்தீன் இலக்கணம் வரிசையாக அடுக்கிக் கொடுத்திருந்தது. அதை அப்படியே கோத்து, வாலில் '-ஃபிகேஷன்' சேர்த்துவிட்டார்கள். மொத்த அர்த்தம்: ஒன்றை மதிப்பே இல்லாதது என்று ஒதுக்கித் தள்ளுவது. கவிஞர் வில்லியம் ஷென்ஸ்டோன் 1741-ல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். 2012-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் ஜேக்கப் ரீஸ்-மாக் எழுந்து நின்று சொன்னார்.

எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. இதில் 'ஐ' ஒன்பது தடவை வருகிறது, 'இ' ஒரு தடவைகூட இல்லை. இங்கிலீஷில் அதிகமாகப் புழங்கும் எழுத்தே 'இ'தான். எங்கள் மெஷின்களில் முதலில் தேய்ந்து எழுத்து மறைவது அந்தக் கீதான். 29 எழுத்து அடித்தும் அதைத் தொடாமல் வர முடிகிறது என்றால் பாருங்கள்.

*

கேள்வி: ஏ, இ, ஐ, ஓ, யூ ஐந்தும் வரும் வார்த்தைகள் கேட்டால் 'எஜுகேஷன்', 'ஈக்வேஷன்' இரண்டோடு என் மாணவிகள் நின்றுவிடுகிறார்கள். புதிதாக ஏதாவது?
(ஆசிரியை, பட்டுக்கோட்டை)

அடுப்படிக்குள் அனுப்புங்கள் டீச்சர், அங்கே காலிஃபிளவர் இருக்கிறது. ஐந்தும் உண்டு. நீங்கள் அவர்களைத் திட்டும்போது சொல்லும் 'பிஹேவியர்', பிரிட்டிஷ் முறையில் எழுதினால், ஐந்தும் உண்டு. ஃபேவரைட், டயலாக், பிரிகாஷன் என்று இந்த ஜாதி நிறையவே கிடைக்கும். ஏழே எழுத்தில் ஐந்தையும் அடைத்துவைத்திருப்பது செக்கோயா. கலிஃபோர்னியாவில் வானளாவி நிற்கும் மரம், பேரில் மட்டும் சிக்கனம்.

கொஞ்சம் கஷ்டமாகக் கேட்கவா? ஐந்தும் வர வேண்டும், அதே வரிசையில் வர வேண்டும். ஃபெசீஷியஸ்: இடம் பொருள் தெரியாமல் விளையாட்டாகப் பேசுவது. அப்ஸ்டீமியஸ்: சாப்பாட்டிலும் குடியிலும் அளவோடு இருப்பது. இரண்டுக்கும் பின்னால் 'எல் ஒய்' சேர்த்தால், அரைக்கால் உயிரெழுத்தான ஒய்யும் வரிசையில் வந்து நிற்கும். வரிசை தலைகீழாக, யூ ஓ ஐ இ ஏ என்று வர வேண்டுமா? சப்காண்டினென்டல். நம் துணைக்கண்டத்தைச் சேர்ந்தது என்று அர்த்தம். வீட்டிலேயே இருந்திருக்கிறது, ஊரெல்லாம் தேடியிருக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. ஷேக்ஸ்பியர் ஒரு நாடகத்தில் கோமாளியின் வாயில் ஒரு லத்தீன் வார்த்தையை வைத்திருக்கிறார், 27 எழுத்து. மெய், உயிர், மெய், உயிர் என்று கடைசிவரை மாறி மாறி வரும். ஓர் இடத்தில்கூட இரண்டு மெய் ஒட்டாது, இரண்டு உயிர் ஒட்டாது. தமிழ்ப்பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தருவது சுலபம், ஏனென்றால் மொத்தமும் உயிர்மெய்: ஹோ, நோ, ரி, ஃபி, கா, பி, லி, டு, டி, நி, டா, டி, பு, கடைசியில் தனியாக ஒரு ஸ். ஆய்தத்தை விட்டுவிட்டால் தமிழில் பதினான்கே எழுத்து. கௌரவத்துக்கு உரியவராக இருக்கும் தன்மை என்று அர்த்தம். அதை அந்தக் கோமாளி, "நீ இந்த வார்த்தையைவிடக் குட்டை" என்று ஒரு பொடியனைக் கிண்டலடிக்கத்தான் பயன்படுத்துகிறான்.

*

கேள்வி: உயிரெழுத்தே இல்லாத வார்த்தை?
(பிளஸ் டூ மாணவன், ஆத்தூர்)

ரிதம். தாளம். பன்மையில் எஸ் சேர்த்தால் ஏழு எழுத்து. ஒய் அங்கே உயிர் வேலை பார்க்கிறது என்று உங்கள் இங்கிலீஷ் சார் சொல்வார், சொன்னால் ஒத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு உயிரை வைத்துக்கொண்டு எட்டு மெய்களை இழுத்துச் செல்லும் வார்த்தையும் இருக்கிறது: ஸ்ட்ரெங்த்ஸ். பலங்கள். மாட்டுக்கு ஏற்ற பேர்தான்.

*

கேள்வி: ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். என் உத்தியோகத்தின் பேரையே தப்பாக எழுதுகிறேன் என்று சிரிக்கிறார்கள்.
(வாசகி, சிவகாசி)

சிரிக்கிறவர்களை ஒரு தடவை எழுதச் சொல்லிப் பாருங்கள் அம்மா. புக்கீப்பர். இரண்டு ஓ, இரண்டு கே, இரண்டு இ. மூன்று ஜோடி நடுவில் யாரையும் விடாமல் அடுத்தடுத்து உட்காரும் சாதாரண வார்த்தை அதுவும் புக்கீப்பிங்கும்தான். தப்பு எங்கே வருகிறது தெரியுமா? எல்லோரும் ஒரு கே-யை விழுங்கிவிடுவார்கள். 'புக்' முடியும்போது ஒரு கே, 'கீப்பர்' தொடங்கும்போது ஒரு கே. நடுவில் சுவர் ஒன்று இருப்பதாக நினைத்துக்கொண்டு இரண்டு வார்த்தையாக அடியுங்கள், தப்பே வராது.

என்னிடம் ஹையர் பாஸ் பண்ணிய ஒரு பெண், இதே வேலைக்கு விண்ணப்பம் அடித்தாள். நான்தான் சரிபார்த்தேன். கே ஒன்று குறைந்திருந்தது, நானும் பார்க்கவில்லை. இன்டர்வியூவில் அந்த முதலாளி, விண்ணப்பத்தில் ஒரு வட்டம் போட்டு, திருப்பிக் காட்டினாராம். வேலை கிடைத்துவிட்டது, ஆனால் அவள் அதற்கப்புறம் ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை.

ஜோடி எழுத்துத் தப்பைப் பார்க்க ஆசையென்றால் எந்தக் கோயில் ஊருக்கும் போய் லாட்ஜ் போர்டுகளைப் படியுங்கள். அக்காமடேஷனில் சி இரண்டு, எம் இரண்டு. பாதி போர்டில் ஒரு எம் அறை கிடைக்காமல் வெளியே நிற்கும்.

*

கேள்வி: எந்த எழுத்தும் இரண்டாம் முறை வராத நீளமான வார்த்தை எது? எங்கள் நண்பர்களுக்குள் பந்தயம்.
(வாசகர், கோவில்பட்டி)

15 எழுத்தில் இரண்டு சொல்கிறேன். பந்தயத்தைப் பாதிப் பாதி பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று அன்காப்பிரைட்டபிள்: காப்புரிமை வாங்க முடியாதது. இன்னொன்று டெர்மட்டோகிளிஃபிக்ஸ். டெர்மா தோல், கிளிஃப் செதுக்கு. விரலிலும் உள்ளங்கையிலும் பாதத்திலும் இருக்கும் ரேகைகளைப் படிக்கும் இயல். ஹெரால்ட் கமின்ஸ் என்ற அமெரிக்க உடற்கூறு அறிஞர் 1926-ல் வைத்த பேர். ஆனால் குற்றவாளிகளை ரேகையால் கண்டுபிடிக்கும் அலுவலகம் 1897-லேயே கல்கத்தாவில் வந்துவிட்டது. ரேகைகளை வகைபிரிக்கும் முறையை ஹென்றி முறை என்று எட்வர்ட் ஹென்றி பேரில் உலகம் சொன்னாலும், அதற்குக் கணக்குப் போட்டவர்கள் அவருக்குக் கீழே வேலை பார்த்த அஜீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு பேர். ஒரு விரல் ரேகை மாதிரி இன்னொன்று இருக்காது என்கிற இயலின் பேரில் ஒரு எழுத்து மாதிரி இன்னொன்று இல்லை. இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை, தானாக அமைந்திருக்கிறது.

எழுத்து திரும்ப வராத வார்த்தை பந்தயத்துக்கு மட்டும் இல்லை, வியாபாரத்துக்கும் ஆகும். எங்கள் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்காரர் இருந்தார், மகன் என்னிடம் லோயர் படித்தான். சேலை மேல் ஒட்டும் சீட்டில் விற்கும் விலை பக்கத்தில் மூன்று இங்கிலீஷ் எழுத்து இருக்கும். கொள்முதல் விலை அது. கடைப்பையனுக்குத் தெரிய வேண்டும், வாங்க வந்தவருக்குத் தெரியக்கூடாது. இதற்குப் பத்து எழுத்து வார்த்தை ஒன்று வேண்டும், எந்த எழுத்தும் திரும்பக்கூடாது. பிளாக்ஸ்மித், கொல்லர், கச்சிதமாகப் பொருந்தும். பேட் பி ஒன்று, எல் இரண்டு, ஏ மூன்று, சி நான்கு, கே ஐந்து, எஸ் ஆறு, எம் ஏழு, ஐ எட்டு, டேபிள் டி ஒன்பது, எச் பூஜ்யம். 'சி ஐ எச்' என்றிருந்தால் 480 ரூபாய்க்கு வந்த சேலை. அவர் கடை வார்த்தை இதுவல்ல, அதை நான் சொல்ல மாட்டேன். மகன் இன்னும் கடை நடத்துகிறான்.

*

கேள்வி: மருமகளுக்கு டெங்கு. டிஸ்சார்ஜ் சீட்டில் இருந்த வார்த்தையைப் பார்த்துப் பயந்தே போனோம். இப்போது குணமாகிவிட்டாள். ஆனால் டாக்டர்கள் ஏன் இப்படி எழுதுகிறார்கள்?
(வாசகி, ஈரோடு)

நீங்கள் எழுத்துக்கூட்டி அனுப்பியிருப்பது த்ராம்போசைட்டோபீனியா. 16 எழுத்து. த்ராம்போ ரத்தம் உறைவது, சைட்டோ செல், பீனியா பற்றாக்குறை. உறைய வைக்கும் செல்கள் குறைந்திருக்கிறது. "பிளேட்லெட் இறங்கிடுச்சு" என்று ஆஸ்பத்திரி வராண்டாவில் எல்லோரும் சொல்வதுதான் இது. உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம், வேஷம் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

டாக்டர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அவர்களுடைய வார்த்தைகள் முக்கால்வாசி கிரேக்க, லத்தீன் துண்டுகளைப் பசைபோட்டு ஒட்டியவை. ஒரு முப்பது துண்டு தெரிந்துவிட்டால் எந்தச் சீட்டையும் ஓரளவு படிக்கலாம். ஹெப்பட்டோ, ஸ்ப்ளீனோ, மெகாலி: ஈரல், மண்ணீரல், வீக்கம். மூன்றும் ஆறாறு எழுத்து. காது-மூக்கு-தொண்டை டாக்டர் போர்டில் ஈஎன்டி என்று மூன்று எழுத்து போட்டிருப்பார், முழுப்பேரை எழுதினால் ஓட்டோ-ரைனோ-லாரிங்காலஜிஸ்ட், 21 எழுத்து. ஓட்டோ காது, ரைனோ மூக்கு. காண்டாமிருகத்துக்கு ரைனோ என்று பேர் வந்ததும் அந்த மூக்கினால்தான், மூக்கின் மேல் கொம்பு.

விளையாட்டுக்காகச் செய்யாமல், டாக்டர்களே அவசியத்துக்கு வைத்த நீளமான பேர் ஒன்று 30 எழுத்தில் இருக்கிறது. ஃபுல்லர் ஆல்பிரைட் என்ற டாக்டர் 1942-ல் ஒரு நோயை விவரித்தார். பாராதைராய்டு சுரப்பி சரியாகத்தான் சுரக்கும், உடம்பு அதைக் கேட்காது. ரத்தத்தில் கால்சியம் குறையும். அதனால் சுரப்பி பழுதானது போலத் தோன்றும். 'போலி' என்று பொருள்படும் சூடோவை முன்னால் சேர்த்தார். பத்து வருஷம் கழித்து 1952-ல் இன்னொரு வகை வந்தது. அந்த நோயாளியைப் போலவே குட்டை உருவம், வட்ட முகம், குட்டை விரல், ஆனால் ரத்தத்தில் எந்தக் கோளாறும் இல்லை. என்ன செய்வது? இன்னொரு சூடோ சேர்த்தார். சூடோ-சூடோ-ஹைப்போ-பாரா-தைராய்டிசம். போலிக்குப் போலி. வேறு பேர் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாத அந்த மனுஷனை எனக்குப் பிடித்திருக்கிறது.

*

கேள்வி: வாத்தியாரய்யா, நான் 1988 பேட்ச். 'டைப்ரைட்டர்' என்ற வார்த்தையை மேல் வரிசையிலேயே அடிக்கலாம் என்று சொல்லி அசத்துவீர்களே. வேறு என்ன என்ன உண்டு?
(பழைய மாணவர், குத்தாலம்)

தம்பி, கடைசி மாசம் ஃபீஸ் பாக்கி வைத்த பேட்சா நீ? சரி, இருக்கட்டும்.

மேல் வரிசை, கியூவில் ஆரம்பித்து பென் பி-யில் முடியும் பத்து எழுத்து. அமெரிக்காவில் மில்வாக்கி ஊர்க்காரர் கிறிஸ்டோஃபர் ஷோல்ஸ் அமைத்த கீபோர்டு. 1873-ல் துப்பாக்கி செய்யும் ரெமிங்டன் கம்பெனி உரிமையை வாங்கி, அடுத்த வருஷம் மெஷினைக் கடைக்குக் கொண்டுவந்தது. அந்த முதல் மெஷினில் பெரிய எழுத்து மட்டும்தான், சின்ன எழுத்தே கிடையாது. விற்பனையாளர் கடகடவென்று 'டைப்ரைட்டர்' அடித்துக் காட்டுவதற்காகவே அதன் எழுத்துகளை மேல் வரிசையில் வைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. நானும் வருஷா வருஷம் புது பேட்சுக்குச் சொன்னேன். அதைக் கதையாகவே வைத்துக்கொள். அதே வரிசையில் பத்தெழுத்தாக ப்ரொப்ரைட்டர் அடிக்கலாம், உரிமையாளர். பெர்ப்பெச்சுவிட்டி, என்றென்றைக்கும். இன்ஸ்டிட்யூட் வாசலில் என் பேருக்குக் கீழே ப்ரொப்ரைட்டர் என்று எழுதியிருந்தது, பெர்ப்பெச்சுவிட்டி மட்டும் வாய்க்கவில்லை.

நடு வரிசைதான் உனக்கு முதல் பாடம். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே எச் ஜே. மழை பெய்தாலும் தூக்கம் வந்தாலும் ஒரு வாரம் அதையே அடித்தீர்கள். அந்த வரிசையில் ஏ தவிர உயிர் கிடையாது, அதனால் நீளமாக ஒன்றும் வராது. அல்ஃபால்ஃபா வரும், ஏழு எழுத்து. மாட்டுக்குப் போடும் குதிரைமசால் புல். கீழ் வரிசையில் உயிரே இல்லை. ஒரு வார்த்தையும் தேறாது, விட்டுவிடு.

ருசியான இடம் கை பிரித்து அடிப்பது. இடது கையாலேயே அடிக்கும் பன்னிரண்டு எழுத்து வார்த்தை ஸ்டூவர்டெசஸ், விமானப் பணிப்பெண்கள். வலது கை சோம்பலாக மடியில் கிடக்கும். வலது கைக்கு என்று லாலிபாப் இருக்கிறது, மோனோப்பலி இருக்கிறது, ஏகபோகம். ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது டிஸ்மேன்டில்மென்ட். பாகம் பாகமாகக் கழற்றுவது. பதின்மூன்று எழுத்து: இடது, வலது, இடது, வலது என்று ஒரு இடத்திலும் தவறாமல் மாறி மாறி வரும். தவில்காரர் மாதிரி இரண்டு கையும் பேசும். எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் அடிக்கலாம், கம்பிகள் ஒன்றோடொன்று சிக்காது. பத்து மெஷினையும் பழைய இரும்புக்காரன் வந்து கழற்றி எடுத்துக்கொண்டு போன அன்று ராத்திரி, மிச்சமிருந்த மெஷினில் ஒரு தாள் முழுக்க இதையே அடித்தேன்.

*

கேள்வி: நீளமான வார்த்தையைப் பார்த்தாலே பயம் வருகிறது. இதற்கும் ஏதாவது பேர் இருக்குமே?
(வாசகி, தேனி)

இருக்கிறது, சொன்னால் இன்னும் பயப்படுவீர்கள். ஹிப்பொப்பொட்டோ, மான்ஸ்ட்ரோ, செஸ்கிபெடாலியோ, ஃபோபியா. 35 எழுத்து, நடுவில் பென் பி-யை இரட்டித்து 36 ஆக்குபவர்களும் உண்டு. நீர்யானையையும் பூதத்தையும் சும்மா மிரட்டலுக்குத்தான் சேர்த்திருக்கிறார்கள். நடுவிலிருக்கும் செஸ்கிபெடாலியோ மட்டும் பழைய சரக்கு. ரோமாபுரிக் கவிஞர் ஹொரேஸ் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே 'ஒன்றரை அடி வார்த்தைகள்' என்று கேலி செய்தார். செஸ்கி ஒன்றரை, பெஸ் பாதம். எந்தக் காலத்திலும் யாராவது ஒருவர் நீட்டி முழக்கியிருக்கிறார், யாராவது ஒருவர் அடிக்கோலால் அளந்திருக்கிறார்.

*

கேள்வி: மகன் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். போனில் 'ஐ எய்ட்டீன் என்' என்கிறான், 'கே எய்ட் எஸ்' என்கிறான். பஸ் நம்பரா?
(வாசகர், நாகர்கோவில்)

நல்லவேளை, நீங்களும் அப்படித்தான் நினைத்தீர்கள். முதலெழுத்து, கடைசி எழுத்து இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு நடுவில் விழுங்கிய எழுத்துகளை எண்ணிப் போடுகிறார்கள். இன்டர்நேஷனலைசேஷன், 20 எழுத்து. ஐ-க்கும் என்-னுக்கும் நடுவில் 18. ஒரு மென்பொருளைப் பல நாட்டு மொழிகளுக்கும் ஒத்துப்போகும்படி அமைப்பது என்று அர்த்தம். உங்கள் போனில் தமிழ் தெரிவது அந்த வேலையால்தான். இரண்டாவது குபர்னெட்டிஸ், பத்து எழுத்தில் எட்டைத் தின்றது. கிரேக்கத்தில் கப்பல் சுக்கான் பிடிக்கிறவர் என்று பொருள். ஏகப்பட்ட சர்வர்களில் ஓடும் புரோகிராம்களை மேய்க்கும் மென்பொருள் அது. ஷார்ட்ஹேண்ட் செத்துவிட்டது என்று யார் சொன்னது?

*

கேள்வி: 'ஆன்டி' என்று தொடங்கி ரயில் மாதிரி போகுமே, அது என்ன?
(வாசகர், அரக்கோணம்)

ஆன்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்டேரியனிசம், 28 எழுத்து. வெங்காயம் மாதிரி உரியுங்கள். எஸ்டாப்ளிஷ்: நிறுவு. இங்கே, ஒரு திருச்சபையை அரசாங்கத் திருச்சபையாக நிறுவுவது. டிஸ்: அந்த அந்தஸ்தை எடுத்துவிடுவது. ஆன்டி: எடுக்கக்கூடாது என்பது. இங்கிலாந்தில் நிஜமாகவே நடந்த சண்டை. அயர்லாந்தில் 1869-ல் போட்ட சட்டத்தால் திருச்சபை அந்த அந்தஸ்தை இழந்தது, வேல்ஸில் 1920-ல். இங்கிலாந்தில் இன்றும் மன்னர்தான் திருச்சபைக்குத் தலைவர்.

நீங்கள் அரக்கோணம் என்பதால் ஒன்று. ரேணிகுண்டா பாதையில் போகும்போது ஜன்னலோரம் உட்காருங்கள். ஆந்திர எல்லைக்குள் வேங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை என்று ஒரு சின்ன ஸ்டேஷன் வரும். இங்கிலீஷ் போர்டை எண்ணிப் பாருங்கள், அதுவும் 28.

*

கேள்வி: டைப்ரைட்டிங் என்றாலே அந்த நரி வாக்கியம்தான் ஞாபகம் வருகிறது. அதில் அப்படி என்ன விசேஷம்?
(வாசகி, சிதம்பரம்)

'தி குவிக் பிரௌன் ஃபாக்ஸ் ஜம்ப்ஸ் ஓவர் தி லேசி டாக்.' சுறுசுறுப்பான பழுப்பு நரி சோம்பேறி நாயைத் தாண்டுகிறது. 35 எழுத்தில் ஏ முதல் இசட் வரை 26-ம் வந்துவிடும். இதைவிடச் சிக்கனமாக 32 எழுத்தில் 'பேக் மை பாக்ஸ் வித் ஃபைவ் டஜன் லிக்கர் ஜக்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. ஐந்து டஜன் சாராய ஜாடியைப் பெட்டியில் அடுக்கு. வயசுப்பிள்ளைகள் படிக்கிற இடத்தில் அதை எப்படிப் போர்டில் எழுதுவது? நரியோடு நிறுத்திக்கொண்டேன்.

இந்த வாக்கியம் வேகத்துக்கு இல்லை அம்மா, மெஷினைச் சோதிக்கத்தான். பரீட்சை என்றால் மெஷின்களை நாங்கள்தான் மாட்டுவண்டியிலோ வேனிலோ ஏற்றி சென்டருக்குக் கொண்டுபோவோம். அதற்கு முதல் நாள் மெக்கானிக் வந்து எண்ணெய் போட்டு, ரிப்பன் மாற்றி, நரியை ஒரு வரி அடித்துப் பார்ப்பார். 26 எழுத்தும் பதிந்தால் மெஷின் சரி என்று கையெழுத்து.

ஒரு வருஷம் புது மெக்கானிக் வந்தார். சுத்தமான வேலைக்காரர். பதினோரு மெஷினிலும் நரியைத் தாண்ட வைத்துத் தாளை என்னிடம் நீட்டினார். அழகாக இருந்தது, நானும் தலையாட்டினேன். மறுநாள் பரீட்சையில் ஹால்டாவில் உட்கார்ந்த பையன் பத்து நிமிஷ ஸ்பீடு பேப்பரை அடித்து முடித்துவிட்டு முகம் வெளுத்து வந்தான். தாளில் ஒரு எஸ்கூட இல்லை. எஸ் கம்பி முறிந்து உள்ளே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. பன்மை எல்லாம் ஒருமையாகிக் கிடந்தது.

வீட்டுக்கு வந்து அந்தச் சோதனைத் தாளைத் தேடி எடுத்தேன். எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். 'ஜம்ப்ஸ்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஜம்ப்டு' இருந்தது. தாண்டுகிறது என்பதைத் தாண்டியது என்று அடித்திருக்கிறார். அந்த வாக்கியத்தில் எஸ் வருவது அந்த ஒரே இடத்தில்தான். பையன் அடுத்த பரீட்சையில் பாஸ் பண்ணினான். ஃபீஸ் நான் கட்டினேன். அதற்கப்புறம் கடை மூடும்வரை எங்கள் இன்ஸ்டிட்யூட்டில் நரி நிகழ்காலத்தில் மட்டும்தான் தாண்டியது.